நிறைந்த தொட்டியும் அறுந்த பேச்சும்

அஷ்ரஃபிய்யா மலையில் தண்ணீரைப் பற்றி ஷுக்ரியைவிட அதிகமாகப் பேசியவர் யாரும் இல்லை; அவரைவிடக் குறைவாக அதைச் செலவழித்தவரும் இல்லை. குழாய் வேலை அவர் தொழில். எங்கள் சரிவில் மொட்டைமாடி தோறும் நிற்கும் தொட்டிகளில் பெரும்பாலானவை அவர் தோள்மீது ஏறி மேலே போனவை. அம்மானில் குழாய்த் தண்ணீர் வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கும். அன்று தொட்டியில் பிடித்துக்கொண்டதுதான் மறுமுறை வரும்வரை குளிக்க, குடிக்க, சமைக்க. அப்படிப்பட்ட ஊரில் குழாய்க்காரர் என்பவர் வைத்தியருக்கு ஒரு படி மேல், காஜிக்கு ஒரு படி கீழ்.

தொழுகைக்கு முகம் கைகால் கழுவிய தண்ணீரைத் தட்டில் பிடித்துப் புதினாச் செடிக்கு ஊற்றுவார். மச்சினன் ஜமீல் ஒருநாள் ரப்பர் குழாயைப் பிடித்துக் கார் கழுவியதைப் பார்த்துவிட்டு, இரண்டு பெருநாள் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதே மனிதர்தான் யார் வீட்டில் குழாய் சொட்டினாலும் கூப்பிடாமலே போய் உட்கார்ந்து சரிசெய்வார். கூலி கேட்டால் கோபித்துக்கொள்வார். உழைப்பில் ஊதாரி, தண்ணீரில் கருமி. குழாய்களிடம் கெஞ்சலாகப் பேசுவார், மனிதர்களிடம் அதட்டலாக. குழாய்கள் அவர் சொல்லைக் கேட்டன என்பதால் அந்த முறை சரியென்றே நம்பினார்.

அவர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மகன் ஹாஸிம் பள்ளியில் படித்தபோது வாங்கியது; அந்த மகன் பெயரால்தான் ஊர் அவரை அபூ ஹாஸிம் என்றும், அவர் மனைவியை உம்மு ஹாஸிம் என்றும் கூப்பிடும். ஹாஸிம் வளர்ந்து குவைத்துக்குப் போய்விட்டான். பெட்டி மஞ்சள் பூத்துப் பின்தங்கிவிட்டது. அதை முடுக்கினால் உள்ளே விசிறி ஏலக்காய் இடிப்பதுபோல் சத்தம் போடும். சொந்தமாக இணைய இணைப்பு கிடையாது. சந்துக்கு எதிர்ப்பக்கம் குடியிருந்த மருந்துக்கடை டாக்டர் நிஸார் தன் இணைப்பைப் பகிர்ந்துகொண்டார். பதிலுக்கு அவர் வீட்டுக் குழாய்கள் ஷுக்ரியின் பொறுப்பு. நிஸாரின் ஜன்னல் விளிம்பில் ரவுட்டர், ஷுக்ரியின் அடுக்களை ஜன்னல் கம்பியில் துணிக்கிழிசலால் கட்டிய ஒரு வைஃபை குச்சி, அதிலிருந்து கம்ப்யூட்டர் வரை ஒரு வயர். இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே சந்தும், விதவை உம்மு ஸுஹைலின் தாழ்ந்த வீட்டு மொட்டைமாடியும். இணைப்பு வரும், போகும். போகும்போதெல்லாம் ஷுக்ரி நிஸாரின் கஞ்சத்தனத்தைச் சந்தேகிப்பார். நிஸார் பெட்டியின் வயதைச் சந்தேகிப்பார். இருவரும் டீ குடித்துச் சமாதானமாவார்கள். அதற்குள் நாலைந்து நாள் ஓடியிருக்கும், இணைப்பும் திரும்பியிருக்கும்.

இப்படி இருக்கையில் அரீஜைப் பெண் கேட்டார்கள்.

அரீஜ் ஷுக்ரியின் ஒரே மகள். பையன் முஹன்னத், அம்மானில் அவளோடு படித்துவிட்டு நாப்லூஸுக்குத் திரும்பி அங்கே கணக்கு வாத்தியாராக இருந்தான். பையன்மீது ஷுக்ரிக்கு எந்தக் குறையும் இல்லை; அதுதான் அவருக்குக் குறை. மறுக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை. நாப்லூஸுக்குப் போக எல்லைப் பாலத்தைக் கடக்க வேண்டும்; அனுமதி இல்லாமல் யாரையும் விடமாட்டார்கள். அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த தன் அக்காவை, அவள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் பார்த்ததே இல்லை. அவள் இறந்த செய்திகூட மூன்றாம் ஆள் வழியாகத்தான் வந்தது. இதை யாரிடமும் சொல்லமாட்டார். “யோசிக்கிறேன்” என்பார். குளிர்காலம் முழுக்க யோசித்தார், வசந்தம் முழுக்க யோசித்தார். கடைசியில் மனைவி உம்மு ஹாஸிம் அவருக்குப் பதிலாக யோசித்து முடித்து, ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை மாலைக்கு நாள் குறித்தாள்.

எங்கள் வழக்கம் தெரிந்ததுதான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கூட்டமாக வருவார்கள். முன்னால் காபி வைக்கப்படும். தொடமாட்டார்கள். கூட்டத்தின் தலைவர் எழுந்து பெண்ணைக் கேட்பார். பெண்ணின் தகப்பன், “காபியக் குடிங்க, கேட்டு வந்தது கிடைச்சிருச்சு” என்பார். அதன் பிறகே கோப்பை உதட்டுக்குப் போகும். குடிக்காமல் எழுந்துவிட்டால் பிறகு எந்த மத்தியஸ்தம் செய்தாலும் ஒட்டாது. இந்த முறை பெரியவர்களுக்குப் பாலத்தைக் கடக்க அனுமதி கிடைக்கவில்லை. தலைவர் ஹாஜி மிஸ்பாஹ், வயதில் எண்பதை ஒட்டியவர், பிடிவாதத்தில் அதைத் தாண்டியவர், கம்ப்யூட்டர் வழியாகவே கேட்போம் என்று தீர்மானித்தார். முறை மட்டும் மாறக் கூடாது. பெண் வீட்டுக் காபியைத்தான் முன்னால் வைக்க வேண்டும் என்பதால் உம்மு ஹாஸிம் அரைத்த பொடியை நாப்லூஸுக்குப் போன ஒரு பெண்மணியிடம் கொடுத்தனுப்பினாள். ஆக, கோப்பை நாப்லூஸுடையது, காபி அம்மானுடையது, சம்மதம் இரண்டுக்கும் நடுவே வயரில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை சோதித்துப் பார்த்தோம். முஹன்னத்தின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. புதன்கிழமையும் அப்படியே.

வியாழக்கிழமை மாலை அசர் தொழுகைக்குப் பிறகு ஷுக்ரியின் கூடத்தில் எங்கள் ஆண்கள் நிறைந்து உட்கார்ந்தோம். நான் கீழ்வீட்டுக்காரன், ஒரு காலத்தில் பள்ளி வாத்தியார், அதனால் இன்றைக்கும் எல்லோருக்கும் உஸ்தாத். அந்தப் பெட்டியைத் தொடப் பயப்படாதவன் என்ற தகுதியில் கம்ப்யூட்டரின் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்டேன். பெண்கள் உள்ளறையில். திரையில் நாப்லூஸ் கூடம். கோட்டு போட்ட ஆண்கள், முன்னால் சின்னச் சின்னக் கோப்பைகள். சபையில் மணி அடித்தால் மரியாதைக் குறைவு என்று ஹாஜி எல்லோருடைய மொபைலையும் வாங்கி ஒரு தாம்பாளத்தில் வைத்து வெளியே அனுப்பிவிட்டதாக முஹன்னத் சிரித்துக்கொண்டே சொன்னான்.

ஹாஜி மிஸ்பாஹ் எழுந்து, இறைவனைப் புகழ்ந்து தொடங்கினார். அந்த நேரம் பார்த்து எங்கள் சரிவெங்கும் குழாய்களில் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் காற்று இருமும், பிறகு தண்ணீர் பாயும். வழக்கமாக வெள்ளி விடியற்காலையில் வருவது, அன்று முந்தின மாலையிலேயே வந்துவிட்டது. கூடத்தில் எல்லோர் முகமும் மலர்ந்தது.

“பொண்ணு கேக்குற நேரத்துல தண்ணி வருது,” என்றார் ஜமீல் மெல்ல. “இதவிட நல்ல சகுனம் வேணுமா?”

ஷுக்ரியும் புன்னகைத்தார். அன்று முழுக்க அவர் முகத்தில் கண்ட ஒரே புன்னகை அதுதான்.

ஹாஜி முன்னோர்களைச் சொல்லி, இரு குடும்பங்களின் பெருமையைச் சொல்லி, நிதானமாகக் கேள்விக்கு வந்தார். வரவர அவர் குரல் பிய்ந்தது. முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது. “அபூ ஹாஸிம், உங்க மக அரீ... எங்க பிள்ள முஹ...” என்றவர் கையை உயர்த்தியபடி, வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். நாங்கள் காத்திருந்தோம். அவர் மூடவில்லை. பிறகு திரை கறுத்தது.

“கேட்டுட்டாரா, இன்னும் கேக்கலையா?” என்றார் ஒருவர்.

“கேட்டுட்டாரு,” என்றேன். “நாம பதில் சொல்லல. அதுதான் அங்க தெரியும்.”

இணைப்புக் கோடுகள் ஒன்றுகூட இல்லை. குச்சியைப் பிடுங்கிச் செருகினேன். பலனில்லை. பெட்டியை அணைத்துப் போடுவதைத் தவிர வேறு வைத்தியம் எனக்குத் தெரியாது, அணைத்தேன். அது மறுபடி எழுந்து உட்காரும் நேரத்தில் ஓர் ஆட்டை உரித்துக் கறியை அடுப்பில் ஏற்றிவிடலாம். ஃபேனை நிறுத்தினால் கரண்டு மிச்சமாகும் என்று ஒருவர் நிறுத்தினார். எல்லோரும் வியர்த்தோம். பெட்டி எழுந்தது. கோடு வரவில்லை.

ஜன்னல் வழியாக ஷுக்ரி சத்தம் போட்டார். “நிஸார், என்னய்யா பண்ணின?”

“நான் ஒண்ணும் பண்ணல, அபூ ஹாஸிம். எனக்கு நல்லா வருது. உங்க பெட்டியத்தான் பாருங்க.”

“நேத்து வந்துச்சே.”

“நேத்து அதுக்கு ஒரு நாள் வயசு கம்மி.”

உள்ளறையிலிருந்து உம்மு ஹாஸிம், பேச மட்டுமே உதவும் தன் பழைய போனோடு வந்தாள். மறுமுனையில் முஹன்னத்தின் தாய் பேசிக்கொண்டிருந்தாள். பெண்களின் மொபைல்கள் தாம்பாளத்துக்குப் போயிருக்கவில்லை. “பேசுங்க,” என்று கணவரின் கையில் திணித்தாள். “நெட்டு போச்சு, எங்களுக்குச் சம்மதம்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

ஷுக்ரி போனைக் காதில் வைத்தார். தொண்டையைச் செருமினார். “கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க, சரி பண்றோம்,” என்றார். அவ்வளவுதான். உம்மு ஹாஸிம் அவரையே பார்த்தாள். சொல்ல வேண்டிய வார்த்தை அதுவல்ல என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

பதில் உடனே வந்தது. முஹன்னத்தின் தாய் கதவருகில் போய்ச் சொல்லி, ஹாஜி சொன்னதை வாங்கி, அப்படியே ஒப்பித்தாள்.

“ஹாஜி சொல்றாரு: அந்தக் காலத்துல பொண்ணு குடுக்க மனசில்லேன்னா, பொண்ணு சின்னப்பிள்ளைம்பாங்க. இப்ப இன்டர்நெட் இல்லேங்கிறாங்க போல. போன்லயெல்லாம் பதில் வேண்டாமாம். வாசல்ல நின்னு கேட்டவனுக்கு ஜன்னல் வழியா பதில் சொல்றதான்னு கேக்குறாரு. மக்ரிப் பாங்கு வரைக்கும் உக்காந்திருப்பாங்களாம். பாங்கு சொன்னா கோப்பையத் தொடாம எந்திரிச்சிருவாங்களாம்.”

மக்ரிப் என்றால் சூரியன் மறைந்ததும்; வெயில் ஏற்கெனவே எதிர்மலையின் பாதிக்கு ஏறிவிட்டிருந்தது.

ஜமீல் ஒரு வழி சொன்னார். “எல்லாரும் டாக்டர் வீட்டுக்குப் போயிரலாமே. அங்கதான் நெட்டு வருதே.”

“அவர்கிட்ட கேமரா இல்ல,” என்றேன்.

“இருந்தாலும் போகமாட்டேன்,” என்றார் ஷுக்ரி. “அடுத்தவன் சோபால உக்காந்து மகளக் குடுத்தான்னு பேரு வாங்கணுமா? அந்தக் கிழவன் அதையும் ஒரு சாக்காப் பிடிச்சுக்குவான்.”

இதில் அவர் சொன்னது நியாயம்தான். அவருக்கு அது வசதியாகவும் இருந்தது என்பது உம்மு ஹாஸிமின் கண்ணில் தெரிந்தது.

ஜமீல் அடுக்களையிலிருந்து அரிசி வடிக்கும் தட்டைக் கொண்டுவந்து அதன் நடுவே குச்சியைப் பிடித்தார், எங்கோ படித்தாராம். ஒரு கோடு மினுங்கி மறைந்தது. தட்டைத் திருப்பினார், சாய்த்தார், தலைக்குமேல் தூக்கினார். தட்டில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை அவர் கோட்டில் விழுந்ததுதான் மிச்சம். எதிர்வீட்டில் நிஸார் ரவுட்டரைக் கையில் ஏந்திக்கொண்டு, அதன் வயர் விட்ட தூரத்துக்குப் பால்கனியில் இங்குமங்கும் நடந்தார்.

“இப்ப வருதா?”

“இல்ல. நீ எங்க நிக்கிற? ஆளையே காணோம்.”

“இங்கதான் நிக்கிறேன். உங்களத்தான் காணோம். உம்மு ஸுஹைல் டேங்க் மறைக்குது.”

ஷுக்ரி குச்சியை வாங்கி, கம்பிக்கு வெளியே கையை விட்டு, தோள் வரை நீட்டி, வயர் தாங்கும் மட்டும் இடப்பக்கம் இழுத்தார். “ஒரு கோடு,” என்றேன் நான் திரையைப் பார்த்தபடி. கையை மடக்கினார். போய்விட்டது. மறுபடி நீட்டினார். ஒரு கோடு, அதுவும் மூச்சு வாங்கியது. அதைக்கொண்டு ஹாஜியின் தாடியைக்கூடக் கொண்டுவர முடியாது.

“டேங்க்தான்,” என்றார் ஜமீல்.

“செவ்வாக்கிழமையும் அந்த டேங்க் அங்கதானே இருந்துச்சு?” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து நிஸார் கேட்டார். “அது என்ன நடந்தா வந்துச்சு?”

ஷுக்ரி குச்சியைக் கீழே வைத்தார். அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஜன்னல்களுக்கும் நேர் நடுவில், இரும்புக் காலின்மேல், வெள்ளை பிளாஸ்டிக்கில் பெரிதாக நின்றது. விளிம்பிலிருந்து மிகுதி சொட்டத் தொடங்கியிருந்தது.

“செவ்வாக்கிழமை அது காலி,” என்றார்.

வெற்று பிளாஸ்டிக்கைத் துளைத்துப் போகும் அலை தண்ணீரில் பட்டால் அதிலேயே அடங்கிவிடும் என்று நிஸார் ஜன்னலிலிருந்து விளக்கத் தொடங்கினார். கேட்க ஆளில்லை. வாரம் தவறாமல் இணைப்பு போனதும், அடுத்த தண்ணீர் வருவதற்குள் திரும்பியதும், நடுவே குடித்த டீயும் எல்லோர் மனதிலும் வரிசையாக வந்து நின்றிருக்கும். அந்த மூலையில் தொட்டியை நிறுத்தியவரும் ஷுக்ரிதான். உம்மு ஸுஹைல் படிக்கட்டுப் பக்கம் வைக்கச் சொன்னாள். குழாய் மிச்சம், நிழலும் உண்டு என்று வாதாடி இங்கே வைத்தார்.

பைப் ரெஞ்சையும் ரப்பர் குழாய்ச் சுருளையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் பின்னால் போனேன். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஜமீலை உட்காரவைத்தோம்.

உம்மு ஸுஹைல் மொட்டைமாடியில்தான் இருந்தாள். தண்ணீர் வந்த சந்தோஷத்தில் கம்பளங்களை விரித்து, சோப்பைக் கரைத்து, அங்கியின் ஓரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

“உம்மு ஸுஹைல், டேங்கக் கொஞ்சம் எறக்கணும்.”

“எத எறக்கணும்?”

“தண்ணிய.”

அவள் சோப்புக் கையோடு அவரை மேலும் கீழும் பார்த்தாள். “அபூ ஹாஸிம், உடம்பு சரியில்லையா? நான் கொடம் கழுவினா மேல இருந்து எட்டிப் பாப்பீங்களே, அந்த ஆள்தானே நீங்க?”

அவர் சொன்னார். சந்து, ஜன்னல், ஹாஜி, பாங்கு. கோர்வையாக வரவில்லை. நான் இடையில் புகுந்து ஒழுங்குபடுத்தினேன்.

“அதாவது,” என்றாள் அவள், “ஒரு வாரம் நான் நாறணும், உங்க பொண்ணு மணக்கணும்.”

“என் டேங்க்ல இருக்கிறத நீங்க எடுத்துக்கலாம். அடுத்த தண்ணி வரைக்கும்.”

“உங்க டேங்க்ல இருந்து நீங்களே குடிக்க மாட்டீங்க, எனக்கா குடுப்பீங்க? யாரு இந்த மூலையில வைன்னு ஒத்தக் கால்ல நின்னது?”

“நான்தான்.”

“அப்ப நல்லா கேட்டுக்குங்க. எறக்கிக்குங்க. ஆனா ஒரு சொட்டு தெருவுல போகக் கூடாது. கீழ என் பீப்பாய்க்குப் போகட்டும், மிச்சம் உங்க வீட்டுக் கீழ்த்தொட்டிக்குப் போகட்டும்.”

“சரிதான்,” என்றார் ஷுக்ரி, வெகு ஆறுதலோடு. தண்ணீர் விஷயத்தில் அவர்கள் இருவரும் ஒரே கட்சி.

முதலில் தொட்டிக்கு வரும் குழாயை அடைத்தார். பிறகு ரப்பர் குழாயைப் பொருத்தி, மறுமுனையைச் சுவரோரமாகக் கீழே விட்டார். வாயால் உறிஞ்சி விட்டதும் தண்ணீர் இறங்கியது. ஒழுங்காக, சிந்தாமல், கட்டைவிரல் தடிமனுக்கு. தொட்டியின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார், தட்டிப் பார்த்தார். மேலே வெற்றோசை வரவேண்டிய இடத்தில் மந்தமான ஓசையே வந்தது.

“ஜமீல்,” என்று கத்தினார். “கோடு?”

“இல்ல.”

வெயில் எதிர்மலையின் உச்சி வீடுகளுக்குப் போய்விட்டது. நாங்கள் நின்றோம். உம்மு ஸுஹைல் கீழே பீப்பாய் நிறைந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தாள். இறங்கிப்போய்க் குழாயை அடுத்த பீப்பாய்க்கு மாற்றிவிட்டு வந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

“இது இப்படி எறங்கி முடியறதுக்குள்ள ராத்திரித் தொழுகை, இஷாவே வந்துரும்,” என்றேன்.

“எறங்குது,” என்றார் ஷுக்ரி.

“கோடு?”

“இல்ல,” என்றது ஜன்னல்.

அப்போது அரீஜ் படியேறி வந்தாள். விசேஷத்துக்குத் தைத்த பச்சை உடுப்பு, அதன் ஓரம் ஈரத்தில் புரண்டது. முகம் அழுதிருந்தது, குரல் அழவில்லை. குழாயைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், தகப்பனாரைப் பார்த்தாள். தொட்டியின் அடிப்புறத்தில், கழுவிவிடுவதற்காக வைத்த கையகல மூடியையும் பார்த்தாள். குழாய்க்காரர் மகளுக்கு அது எதற்கென்று தெரியும்.

“யப்பா,” என்றாள், “உங்களுக்கு மனசில்லேன்னா வேண்டாம்னு சொல்லிருங்க. நான் கேட்டுக்குவேன். தண்ணி மேல பழியப் போடாதீங்க.”



ஷுக்ரி மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. “நீ அங்க போனா,” என்று தொடங்கினார். பிறகு, “எங்க அக்கா,” என்றார்.

“தெரியும்,” என்றாள் அரீஜ். “அம்மா சொல்லியிருக்கு. அப்பயும் நான் போகணும்.”

அவர் குனிந்தார். ரெஞ்சை மூடியில் மாட்டினார். வருடக்கணக்கில் அவர் கை இறுக்கியே பழகியது. எதிர்ப்பக்கம் திருப்ப, உடம்பு முழுவதையும் கொடுத்தார். முதல் சுற்றில் விசிறியாக அடித்தது. இரண்டாவதில் மார்பை நனைத்தது. மூடி கழன்று உருண்டபோது தண்ணீர் ஒரு மனிதனைப்போல் வெளியே குதித்து அவரை உட்காரவைத்துவிட்டு, கம்பளங்களையும் சோப்புநுரையையும் வாரிக்கொண்டு, மாடி விளிம்பைத் தாண்டிச் சந்தின் படிக்கட்டில் விழுந்தது.

“என் தண்ணி,” என்று உம்மு ஸுஹைல் மார்பில் அடித்துக்கொண்டாள். அடித்த கையோடே வாளியை எடுத்துப் பிடிக்கவும் ஓடினாள்.

கீழே கதவுகள் திறந்தன. மளிகைக்கடைக்காரர் சர்க்கரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு, “பைப்பு வெடிச்சிருச்சு, ஷுக்ரியக் கூப்பிடுங்க,” என்று கத்தினார்.

“ஷுக்ரிதான் தொறந்து விட்டாரு,” என்று யாரோ மேலே கைகாட்டினார்கள்.

“எந்த ஷுக்ரி?”

ஷுக்ரி வீட்டு ஜன்னலில் ஜமீலின் தலை தெரிந்தது. “மச்சான், நான் ஒரு கார்தான் கழுவினேன்,” என்றார். பிறகு தலை உள்ளே போய், மறுபடி வந்தது. குரல் மாறியிருந்தது. “ஒரு கோடு. ரெண்டு. உஸ்தாத், ஓடி வாங்க, ரெண்டு கோடு.”

ஓடினோம். ஷுக்ரியின் காலணிகள் தண்ணீரோடு போய்விட்டன, வெறுங்காலோடு படியேறினார். மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்கு தொடங்கியது.

உம்மு ஹாஸிம் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஜமீல் வடிதட்டை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “இது நம்ம பாங்கு,” என்றேன். “நாப்லூஸ் மேற்கே இருக்கு. அங்க சூரியன் எறங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. கூப்பிடுங்க.”

கூப்பிட்டோம். அழைப்புமணி அந்தப் பழைய பெட்டியின் ஒலிபெருக்கியில் தவளைபோல் கத்தியது. நின்றது. மறுபடி அழுத்தினேன். கத்திக்கொண்டே இருந்தது.

திரை திறந்தது. முதலில் தெரிந்தவை இடுப்புகள். கோட்டுப் பொத்தான்கள், தொப்பைகள், தொங்கும் கைகள். எல்லோரும் எழுந்துவிட்டிருந்தார்கள். கீழே மேசையில் கோப்பைகள் வைத்தபடியே இருந்தன. ஓரத்தில் முஹன்னத்தின் முகம் மட்டும் உட்கார்ந்த உயரத்தில் இருந்தது, அவன் எழுந்திருக்கவில்லை.

“ஹாஜி,” என்றார் ஷுக்ரி.

இடுப்புகள் விலகின. ஹாஜி மிஸ்பாஹ் குனிந்து கேமராவுக்கு வெகு அருகில் வந்து பார்த்தார். பார்த்தது, தலைமுடி நெற்றியில் ஒட்டி, தாடியிலிருந்து சொட்ட, சோப்புநுரை தோளில் ஒட்டிய ஒரு மனிதனை.

“அபூ ஹாஸிம், ஆகஸ்டுல அங்க மழையா?”

“தண்ணி நாள், ஹாஜி.”

“நாங்க எந்திரிச்சிட்டோம்.”

“பாங்கு இன்னும் சொல்லலையே உங்க ஊர்ல. உக்காருங்க. கேட்டதுக்குப் பதில் கேக்காம எந்திரிக்கிறது முறையா?”

கிழவர் யோசித்தார். முறை என்ற சொல் அவரை மடக்கியது. உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

“ஒரு நிபந்தனை இருக்கு,” என்றார் ஷுக்ரி.

உம்மு ஹாஸிம் கண்ணை மூடிக்கொண்டாள். நாப்லூஸில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். இத்தனைக்கும் பிறகு இந்த ஆள் இன்னும் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று நானும்தான் நினைத்தேன்.

“சொல்லுங்க,” என்றார் ஹாஜி, குரலைத் தாழ்த்தி.

“எம்மக ஒக்கார்ற எடத்துல கம்ப்யூட்டர் இருக்கணும். அந்த வீட்டு ஜன்னலுக்கும் நெட்டு வர்ற எடத்துக்கும் நடுவுல, எந்த வீட்டு மாடியிலயும் தண்ணி டேங்க் இருக்கக் கூடாது. இருந்தா, நகத்தி வைக்கணும். நானா வந்து நகத்த முடியாது. என்னைய அங்க விடமாட்டாங்க.”

இணைப்பு மறுபடி போய்விட்டதோ என்று கோடுகளைப் பார்த்தேன். இருந்தன.

“நகத்துவோம்,” என்றார் ஹாஜி மிஸ்பாஹ்.

“அப்ப காபியக் குடிங்க,” என்றார் ஷுக்ரி. “கேட்டு வந்தது கிடைச்சிருச்சு.”

அவர் சொல்லி முடிக்கவும் அங்கே பாங்கு ஒலிக்கவும் சரியாக இருந்தது. ஹாஜி ஆறிப்போன காபியை ஒரே மடக்காகக் குடித்தார். முகம் சுளித்தது, ஆனாலும் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளறையில் குலவை எழுந்தது. ஜமீல் வடிதட்டால் தாளம் போட்டார். கீழே தன் மாடியில் உம்மு ஸுஹைல், விஷயம் புரிந்து, தன் தண்ணீருக்காக ஒரு வசவும் பெண்ணுக்காக ஒரு குலவையும் அடுத்தடுத்து விட்டாள். இரண்டுக்கும் நடுவே மூச்சு வாங்கவில்லை.

எல்லோரும் ஷுக்ரியைக் கட்டிப்பிடிக்க எழுந்தார்கள். ஈரத்தைப் பார்த்துத் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில் அவர் வழி கிடைத்து வெளியே வந்துவிட்டார். படியிறங்கும்போது நான் தடுத்தேன்.

“எங்க போறீங்க? மாப்பிள்ள உங்ககிட்டப் பேசணும்னு நிக்கிறான்.”

“மூடிய யாரும் போடலேல்ல,” என்றார். “மிச்சத் தண்ணியும் போயிட்டிருக்கும்.”

வெறுங்காலோடு இறங்கிப் போனார். அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மாடியில் முட்டிபோட்டு உட்கார்ந்து மூடியைத் தேடியெடுத்து, துடைத்து, பொருத்தி, ரெஞ்சால் இறுக்கினார். இறுக்கி முடிந்த பிறகும், மேலே அவர் வீட்டில் சிரிப்பும் குலவையும் ஓயும்வரை, வெளிச்சம் போன அந்த மாடியில் தொட்டிக்கு முதுகைச் சாய்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார்.